மாணவிகளை எடை போடுவதற்கு முன் ஸ்டோர் ரெஜிஸ்டரைத் திறந்து பாருங்கள்

நாமக்கல் பக்கத்தில் ஒரு மகளிர் கலை, அறிவியல் கல்லூரி. அங்கே உதவிப் பேராசிரியையாக இருக்கும் வாசகி ஒருவர், இந்த ஜூன் முதல் விடுதியின் துணை வார்டன் பொறுப்பையும் ஏற்றிருக்கிறார். பெயர் வேண்டாம், கல்லூரியின் அடையாளமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது.

விடுதியில் 200 மாணவிகள். பெரும்பாலும் விவசாயக் கூலி, விசைத்தறி, லாரித் தொழில் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் பலர். காலைச் சாப்பாடு 7.30 முதல் 8.15 வரை, 8.45க்கு முதல் வகுப்பு. பாதிப் பேர் சாப்பிடாமலே ஓடுகிறார்கள். 10.40 இடைவேளையில் கேன்டீனில் 20 ரூபாய்க்கு ஒரு பஃப்ஸ், கூடவே குளிர்பானம். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கே முடிந்துவிடுகிறது. பதினொரு மணிக்கு அறைக்கு அறை கெட்டிலில் நூடுல்ஸ் வேகிறது. விளையாட்டு விழா ஒத்திகையில் ஒரே வாரத்தில் மூன்று பேர் மயங்கி விழுந்திருக்கிறார்கள். இரண்டாமாண்டு மாணவி ஒருவர் ஆறு மாதத்தில் அடையாளமே தெரியாத அளவுக்கு இளைத்துவிட்டார். வெள்ளரிக்காயும் கறுப்புக் காபியும்தான் அவர் சாப்பாடு. "எவ்வளவு கட்டுப்பாடு பாருங்கள்!" என்று தோழிகள் அவரைப் பாராட்டுகிறார்களாம்.

இதையெல்லாம் சரிசெய்ய நம் வாசகி நான்கு திட்டங்கள் வைத்திருக்கிறார். எல்லாருக்கும் எடை, உயரம் பார்த்து பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது, எடை குறைத்தவர்களுக்கு ஆண்டு விழாவில் பரிசு தருவது. கெட்டிலையும் நூடுல்ஸையும் பறிமுதல் செய்வது. ரத்தம் ஊற வாரம் ஒருமுறை பீட்ரூட் ஜூஸ் கொடுப்பது. ஊட்டச்சத்துப் பவுடர் விற்கும் ஒருவரை வரவழைத்து விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவது. "பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைகள், என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறதா?" என்று கல்லூரி முதல்வர் கேட்டிருக்கிறார். மெஸ் டிவைடிங் சிஸ்டத்தில் ஓடுகிறது, அதாவது மாதச் செலவை மாணவிகள் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் கட்டுகிறார்கள். போன மாதம் தலைக்கு 3,200 ரூபாய் வந்தது, அதற்கு மேல் போனால் பெற்றோரால் தாங்க முடியாது. "எதை முதலில் செய்ய?" என்பதுதான் கேள்வி.

அன்புள்ள ஆசிரியைக்கு,

துணை வார்டன் பொறுப்பு என்றால் வருகைப் பதிவும் கேட் பூட்டும்தான் என்று இருந்துவிடாமல், பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள். எந்த நேரத்தில் எது நடக்கிறது என்று நீங்கள் குறித்திருப்பது எனக்கு மிகவும் உதவியது. கேள்விக்கான விடையில் பாதி அந்த நேரக் கணக்கிலேயே இருக்கிறது.

உங்கள் நான்கு திட்டங்களுக்கும் அடியில் ஒரே எண்ணம் ஓடுகிறது. பிள்ளைகளுக்கு விவரம் தெரியவில்லை, அல்லது அக்கறை இல்லை. எடுத்துச் சொன்னாலோ பயமுறுத்தினாலோ திருந்திவிடுவார்கள் என்பது அது. இதைத்தான் நான் முதலில் மாற்றிக்கொள்ளச் சொல்வேன். என்னிடம் ஆலோசனைக்கு வரும் கல்லூரிப் பெண்களிடம் "காலையில் சாப்பிடுவது நல்லதா?" என்று கேட்டால் "இல்லை" என்று ஒருவர்கூடச் சொல்வதில்லை. கீரை நல்லது, கோலா கெட்டது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். குளியலறைக்கு வரிசை, தலை பின்ன வேண்டும், மெஸ்ஸில் இன்னொரு வரிசை, 8.45க்கு வருகைப் பதிவு. இந்த நெருக்கடியில் எது கைவிடப்படும்? வருகைப் பதிவை விட முடியாது. இட்லியைத்தான் விடுவார்கள்.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை யோசித்துப் பாருங்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவின் அருமை பற்றி யாரும் கூட்டம் போடவில்லை. வகுப்பு தொடங்குமுன் உப்புமாவையும் பொங்கலையும் பள்ளியிலேயே சூடாகப் பரிமாறினார்கள், பிள்ளைகள் சாப்பிட்டார்கள். பதினெட்டு வயதிலும் பசி அப்படித்தான் வேலை செய்கிறது.

மயங்கி விழுந்த மூவர்

இது எல்லாவற்றிற்கும் முந்தியது. வெறும் வயிறு, வெயிலில் நெடுநேரம் நிற்பது, தண்ணீர் குடிக்காதது, மாதவிடாய் நாள், ரத்தசோகை என்று மயக்கத்துக்குக் காரணங்கள் பல. மூவரையும் மருத்துவர் பார்க்க வேண்டும். நிற்கும்போது இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே யாராவது விழுந்திருந்தால், அவருக்கு ஈசிஜி எடுக்காமல் மறுபடி மைதானத்தில் இறக்காதீர்கள். இதயத் துடிப்பில் கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

ரத்தசோகைக்கு வருவோம். 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. உங்கள் விடுதி அதற்கு விலக்காக இருக்கக் காரணமில்லை. எனவே எடை பார்ப்பதற்கும் பரிசுக்கும் செலவழிக்க நினைத்ததை ஹீமோகுளோபின் பரிசோதனைக்குத் திருப்புங்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்குக் கல்லூரி முதல்வர் கடிதம் எழுதி ஒரு முகாம் கேட்கலாம். 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 11க்குக் கீழே மிதமானது. 8க்குக் கீழே கடுமையானது. முடிவை அந்தந்தப் பெண்ணின் கையில் மட்டும் கொடுங்கள். வகுப்பில் வாசிக்காதீர்கள்.

பீட்ரூட் ஜூஸைப் பற்றி: அதன் சிவப்புக்கும் இரும்புச்சத்துக்கும் சம்பந்தமில்லை. 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வரையறுத்தது 29 மில்லிகிராம். ஆணுக்கு 19தான். ஜூஸ் கொடுப்பதில் கெடுதல் இல்லை. ஆனால், "நாங்கள் ஏற்பாடு செய்துவிட்டோம்" என்ற நிம்மதியை அது உங்களுக்குத் தந்துவிடும், அங்கேதான் ஆபத்து. ரத்தசோகை வந்த பிறகு உணவால் மட்டும் அதைச் சரிசெய்வது கடினம். மருத்துவர் சொல்லும் நாள்வரை இரும்பு மாத்திரை எடுக்க வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், சிலருக்கு வயிற்றைப் பிரட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதியில் நிறுத்த மாட்டார்கள். அதிக ரத்தப்போக்குள்ள பெண்ணுக்கு அதற்கும் சிகிச்சை வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரையில் ஏறியது மாதாமாதம் இறங்கிக்கொண்டே இருக்கும்.

உணவில் நீங்கள் செய்யக்கூடிய மாற்றம் ஒன்று இருக்கிறது, அதற்குச் செலவே இல்லை. உங்கள் மெஸ்ஸில் காலை இட்லியோடும் மதியச் சாப்பாடு முடிந்ததும் டீ கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். டீ, காபியில் உள்ள டானின், உணவிலிருக்கும் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கிறது. டீயை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சைத் துண்டோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால், அதிலுள்ள வைட்டமின் சி அதே இரும்பைக் கூடுதலாக உறிஞ்ச வைக்கும்.

இன்னொன்றும் கேட்டாக வேண்டும். கல்லூரியின் கழிப்பறைகள் எப்படி இருக்கின்றன? பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காத பெண்கள் என்னிடம் வருகிறார்கள். விசாரித்தால், கழிப்பறைக்குப் போகப் பயந்துதான் குடிப்பதில்லை. தண்ணீர் குடியுங்கள் என்ற சுவரொட்டிக்கு முன்னால் தாழ்ப்பாளும் பக்கெட்டும் சரியாக இருக்க வேண்டும்.

எடைப் பட்டியல் வேண்டாம்

இதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஒரு பெண்ணின் எடை அவருடைய உடல்நலத் தகவல். அவர் ஒப்புதல் இல்லாமல் சுவரில் ஒட்டும் உரிமை வார்டனுக்கும் இல்லை, கல்லூரிக்கும் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வில் தீர்ப்பளித்திருக்கிறது. முதல்வரின் கேள்வி சரியானதே.

உரிமையை விடுங்கள், பலனைப் பார்ப்போம். இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23ஐத் தாண்டினாலே அதிக எடை என்று கணக்கு. 18.5க்குக் கீழே போனால் எடைக் குறைவு. உங்கள் விடுதியில் இரண்டு பக்கத்திலும் பிள்ளைகள் இருப்பார்கள். எடை குறைத்தவருக்குப் பரிசு என்று நீங்கள் அறிவித்தால் அதை முதலில் வெல்லப்போவது அந்த வெள்ளரிக்காய்ப் பெண்தான். இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சற்றுப் பருமனான பெண்ணோ கேலிக்கு அஞ்சி மெஸ்ஸுக்கு வருவதையே நிறுத்திவிட்டு, இரவில் அறையில் தனியாகச் சாப்பிடுவார். ஒல்லியாக இருப்பவரை எல்லாரும் ஆரோக்கியம் என்று நினைத்துக்கொள்வார்கள், ஹீமோகுளோபின் எட்டாக இருந்தாலும்.

பவுடர் விற்பவரின் கூட்டமும் வேண்டாம். அவர் வருவது விற்க. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு டம்ளர் பவுடர் என்று சொல்லிக்கொடுத்து, தோழிகளையும் சேர்த்துவிட்டால் கமிஷன் என்று முடிப்பார்கள். கல்விக் கடனில் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் தேவையில்லை.

தட்டில் என்ன குறைகிறது

நீங்கள் அனுப்பிய ஒரு வார மெனுவைப் பார்த்தேன். திங்கள் இட்லி, செவ்வாய் பொங்கல், புதன் தக்காளி சாதம், வியாழன் லெமன் சாதம் உருளைக்கிழங்கு, மதியம் தினமும் சாதம் சாம்பார் ரசம் ஒரு பொரியல், இரவு தோசை அல்லது சப்பாத்தி குருமா. பெயர்களைப் பார்த்தால் குறையில்லை. பிரச்சினை எப்போதும் அளவில் இருக்கும். அந்த அளவு மெனு பலகையில் தெரியாது, மளிகையும் காய்கறியும் எவ்வளவு செலவானது என்று எழுதிவைக்கும் ஸ்டோர் ரெஜிஸ்டரில் தெரியும்.

ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918இல் நம் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராயும் ஒற்றை அறையாகத் தொடங்கியது. 2024இல் அது புதுப்பித்து வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரிக்கான ஒரு நாள் தட்டு என்று ஒரு கணக்கு இருக்கிறது. எல்லாம் சமைக்காத எடையில்: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி கீரை 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் கொழுப்பு 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. இதை 200 பேருக்குப் பெருக்குங்கள். அரிசி கோதுமை 50 கிலோ. இட்லி உளுந்து, சாம்பார்ப் பருப்பு, சுண்டல் எல்லாம் சேர்ந்து 17 கிலோ. காய்கறி 80 கிலோ. எண்ணெய் ஏறக்குறைய 6 லிட்டர். உப்பு, ஒருவருக்கு 5 கிராமுக்கு மிகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதால், ஊறுகாய் அப்பளம் உட்பட மொத்தம் ஒரு கிலோ.

இப்போது உங்கள் ரெஜிஸ்டரில் போன மாதத்தில் ஏதாவது ஒரு வாரத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான விடுதிகளில் அரிசி கணக்கைத் தாண்டும், எண்ணெயும் உப்பும் நன்றாகவே தாண்டும், பருப்பு பாதி இருக்கும், காய்கறி கால்வாசி இருக்கும். உங்களுடையது அப்படி இல்லையென்றால் எனக்கு மகிழ்ச்சியே. அப்படி இருந்தால் எங்கிருந்து பணத்தை எடுத்து எங்கே போட வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லிவிடும். நீங்கள் எந்தத் துறை ஆசிரியை என்று எழுதவில்லை. வணிகவியல் பிள்ளைகள் நான்கு பேரை உட்கார வைத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைவிட அவர்களே கண்டுபிடித்துச் சொல்வது மற்ற மாணவிகளிடம் எடுபடும்.

எடுத்த எடுப்பில் 80 கிலோ காய்கறிக்குப் போக முடியாது என்று எனக்குத் தெரியும். நறுக்கவே ஆள் போதாது. 40 கிலோவுக்கு வந்தாலே பெரிய மாற்றம். வாரம் மூன்று நாள் கீரை. முருங்கைக்கீரை உங்கள் பக்கம் கிடைக்காத பொருளில்லை, ஆய்வதுதான் வேலை. அதைப் பருப்போடு கூட்டாக வைத்தால் சாம்பாரைவிட நன்றாகப் போகும்.

புரதம்தான் உண்மையான பள்ளம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிராம் வேண்டும். பருப்பு கரைந்து காணாமல் போன சாம்பாரில் அது கிடைக்காது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. நாமக்கல்லில் இருந்துகொண்டு வாரம் ஒரு முட்டை மட்டும் போடுகிறீர்கள் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பண்ணை விலை நாள்தோறும் அறிவிக்கப்படுகிறது. தட்டுக் கணக்கில் நேரடியாகப் பண்ணையில் வாங்கினால் கடைவிலை கொடுக்க வேண்டியதில்லை. வாரம் நான்கு முட்டை என்று வையுங்கள். முட்டை சாப்பிடாதவர்களுக்கு அதே நாளில் சுண்டலோ வேகவைத்த நிலக்கடலையோ கட்டாயம் இருக்க வேண்டும். அவர்களை அப்பளத்தோடு அனுப்பிவிடக் கூடாது.

"சாதம் சாப்பிட்டால் குண்டாகிவிடுவோம் என்று பாதிப் பேர் சப்பாத்தி மட்டும் கேட்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய் ஊற்றிச் சுட்ட மூன்று சப்பாத்தியும் ஒரு கிண்ணம் குருமாவும், அளவான சாதம், கூட்டு, தயிரைவிட எந்த வகையிலும் இலேசானதில்லை. அரிசியைக் குற்றவாளியாக்க வேண்டாம். அதன் பக்கத்தில் வேறெதுவும் இல்லாததுதான் குறை.

காலை 7.30 என்ற சிக்கல்

முதலில் எதைச் செய்ய என்று கேட்டீர்கள். மெஸ் கதவை 7 மணிக்குத் திறந்து 8.35 வரை மூடாதீர்கள். சமையல்காரர்கள் மறுப்பார்கள், அவர்கள் நான்கு மணிக்கே எழுபவர்கள். கடைசி இருபது நிமிடத்துக்கு அவர்கள் நின்று பரிமாற வேண்டாம். பொடி தடவிய இட்லி, ஒரு முட்டை அல்லது ஒரு பிடி வேகவைத்த கடலை, ஒரு வாழைப்பழம். பிள்ளைகள் தங்கள் டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து தாங்களே எடுத்துக்கொண்டு போகட்டும். முதல் வகுப்பு முடியும்போது ஐந்து நிமிடத்தில் அதைச் சாப்பிட ஆசிரியர்கள் அனுமதிக்க வேண்டும். இதற்கு முதல்வரின் சுற்றறிக்கை ஒன்று தேவைப்படும். ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். மெஸ்ஸில் மிஞ்சும் இட்லியின் எண்ணிக்கை குறைகிறதா என்பதுதான் அளவுகோல்.

அடுத்தது 10.40. கேன்டீனில் சுண்டல், நிலக்கடலை, வாழைப்பழம், மோர் நான்கும் கவுன்டரின் முன்வரிசையில் இருக்கட்டும். பஃப்ஸ் பின்னால் போகட்டும், தடை வேண்டாம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை உணவகத்தில் 2010இல் இப்படிச் செய்தார்கள். உணவுகளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு அடையாளம் ஒட்டினார்கள். பிறகு தண்ணீரையும் நல்ல உணவுகளையும் கண்ணுக்கு நேரே, கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்கள். சிவப்பு அடையாளமிட்ட பானங்களின் விற்பனை குறைந்தது, தண்ணீர் விற்பனை கூடியது. இரண்டு ஆண்டுக்குப் பிறகும் அந்த மாற்றம் நின்றது. யாரையும் யாரும் கண்டிக்கவில்லை.

செலவு? ஒருவருக்கு 25 கிராம் கொண்டைக்கடலை, 200 பேருக்கு 5 கிலோ. கிலோ 100 ரூபாய் என்றே வைத்தாலும் தலைக்கு இரண்டரை ரூபாய். தாளிப்பு, கேஸ் சேர்த்து ஐந்து ரூபாய்க்கு ஒரு கிண்ணம் சுண்டல் விற்கலாம். 20 ரூபாய் பஃப்ஸுக்கு எதிரில் அந்த விலையே பேசும். கேன்டீன் ஒப்பந்தக்காரருக்கு லாபம் குறையும் என்பதால் வாடகையில் சிறிது விட்டுக்கொடுக்கும்படி நிர்வாகத்திடம் நீங்கள் வாதாட வேண்டியிருக்கும். வாதாடுங்கள்.

தடை போட உரிமை உண்டா

வளாகத்துக்குள் எது விற்கலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் கல்லூரிக்கு உண்டு. குப்பை உணவை வளாகத்தில் விற்க வேண்டாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016லும் 2018லும் கல்வி நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் கொண்டுவந்த விதி பள்ளிகளுக்கானது. வெளியே இருக்கும் பேக்கரியை அதை வைத்து நீங்கள் மூடச் சொல்ல முடியாது. ஆனால், பொதுவான உணவுப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் மெஸ்ஸையும் கேன்டீனையும் கட்டுப்படுத்துகிறது. இருவரிடமும் உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ இருக்கிறதா என்று பாருங்கள். பஜ்ஜி பொரித்த எண்ணெயை மறுநாளும் மறுநாளும் காய்ச்சுகிறார்களா என்றும் பாருங்கள்.

அறையில் இருக்கும் பாக்கெட்டைப் பறிப்பது வேறு விஷயம். அது அவருடைய பொருள், அவர் வயது வந்தவர். கெட்டிலைத் தடுக்க மின்கசிவு என்ற நியாயமான காரணம் உண்டு. அதை அந்தக் காரணத்துக்காகவே சொல்லுங்கள், உணவுக் கட்டுப்பாட்டோடு குழப்பாதீர்கள். இரவு ஏழுக்குச் சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைக்குப் பதினொன்றுக்குப் பசிப்பது இயல்பு. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குத் தள்ளுங்கள். ஒன்பதரைக்கு மெஸ்ஸில் சூடான பாலும் ஏதாவது ஒரு சுண்டலும் இருக்கட்டும். அதற்குப் பிறகும் நூடுல்ஸ் வேண்டும் என்பவர்களுக்கு, மெஸ் ஓரத்தில் ஓர் இன்டக்‌ஷன் அடுப்பு. ஒரு பாக்கெட்டில் ஒரு நாளைய உப்பில் மூன்றிலொரு பங்குக்கும் மேல் இருக்கிறது. மசாலாவில் பாதியைப் போடு, ஒரு முட்டையை உடைத்து ஊற்று, கேரட்டும் பீன்ஸும் இந்தக் கூடையில் இருக்கிறது என்று ஒரு சீனியர் மாணவி சொன்னால் கேட்பார்கள்.

கூட்டம் நடத்தியே ஆக வேண்டும் என்றால் இப்படி நடத்துங்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள், 2016இல் வெளியானது. ஒரு குழுவுக்கு வழக்கமான ஆரோக்கியப் பாடம். இன்னொரு குழுவுக்கு, இளைஞர்களை அடிமைப்படுத்த உணவு நிறுவனங்கள் பொருளையும் விளம்பரத்தையும் எப்படி வடிவமைக்கின்றன என்ற செய்தி. இரண்டாவது குழுவில்தான் அதிகம் பேர் இனிப்புப் பானத்தையும் நொறுக்குத் தீனியையும் தவிர்த்தார்கள். உங்கள் மாணவிகள் அவர்களைவிட வயதில் மூத்தவர்கள். ஏமாற்றப்படுவதை அவர்களும் விரும்ப மாட்டார்கள். 300 மில்லி குளிர்பானத்தில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை. அதை ஒரு கண்ணாடி டம்ளரில் கொட்டிக் காட்டி, அந்தப் பாட்டிலின் விளம்பரத்தைப் பக்கத்தில் ஓடவிடுங்கள். பேச்சாளரே வேண்டாம்.

அந்த இரண்டாமாண்டு மாணவி

மெஸ் நேரம் மாறும்வரை இவர் காத்திருக்க முடியாது. ஆறு மாதத்தில் இவ்வளவு இளைத்து, உணவையே தவிர்க்கும் பெண்ணை "டயட்டில் இருக்கிறாள்" என்று விட்டுவிடக் கூடாது. இது சாப்பிடுவதில் வரும் கோளாறாக இருக்கலாம், அது ஒரு மனநோய். அது உயிருக்கே ஆபத்தாகலாம். தைராய்டு, சர்க்கரை, காசநோய் போன்ற உடல் காரணங்களும் இருக்கக்கூடும். எதுவென்று மருத்துவர்தான் சொல்ல முடியும். மாதவிடாய் நின்றிருக்கிறதா, எப்போதும் குளிர்கிறது என்கிறாரா, முடி கொட்டுகிறதா, மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட மறுக்கிறாரா, சாப்பிட்ட உடனே குளியலறைக்குப் போகிறாரா என்று கவனியுங்கள். தோழிகளைத் துப்பறிய அனுப்பாதீர்கள்.

தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். எடையைப் பற்றியோ தோற்றத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் வேண்டாம். "இப்படி ஆகிவிட்டாயே" என்பதும் வேண்டாம், "சாப்பிட்டால்தான் விடுவேன்" என்பதும் வேண்டாம். "கொஞ்ச நாளாகச் சோர்வாக இருக்கிறாயம்மா, எனக்குக் கவலையாக இருக்கிறது. நாம் ரெண்டு பேரும் டாக்டரைப் பார்த்துட்டு வரலாமா?" என்ற அளவு போதும். முதல் முறை மறுப்பார். மூன்று நாள் கழித்து அதே குரலில் மறுபடி கேளுங்கள். நாமக்கல், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பொது மருத்துவமும் மனநல மருத்துவமும் ஒரே இடத்தில் கிடைக்கும். போவதற்கு முன் எப்படிப் பேசுவது என்று தயக்கம் இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ நீங்களே அழைத்துக் கேட்கலாம், தமிழில் பேசுவார்கள்.

பெற்றோருக்குச் சொல்வதா என்று கேட்டிருந்தீர்கள். அவருக்குப் பத்தொன்பது வயது. அவரிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு, முடிந்தால் அவர் எதிரிலேயே பேசுங்கள். ஆனால் அவர் மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடக்கிறது என்றாலோ, எழுந்து நிற்கவே தள்ளாடினாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னாலோ சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனை, அன்றே வீட்டுக்குத் தகவல்.

மயங்கி விழுந்த மூவரில் இவரும் ஒருவரா என்பதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. ஒருவர் என்றால், இதைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள். ஈசிஜியும் ரத்தத்தில் பொட்டாசியம் அளவும் இன்றே பார்த்துவிட வேண்டும்.